இயந்திரங்களுக்கு ஒரு பொது மொழி

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கிய குடிநீர்ப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீர் சரியான அளவில் நிரம்பியிருக்கிறது. மூடி இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது. லேபிள் சற்றும் கோணாமல் ஒட்டப்பட்டிருக்கிறது. இதில் என்ன வியப்பு என்று நாம் நினைக்கலாம். ஆனால், இந்தப் புட்டி உருவான இடத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

மணிக்கு 36,000 புட்டிகளை நிரப்பும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடிகள் உள்ளன. எனவே, விநாடிக்குப் பத்துப் புட்டிகள் அந்த இயந்திரத்தைக் கடந்து செல்கின்றன. அதாவது, பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு புட்டி வெளியே வர வேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு புட்டியும் வந்துவிட்டதா என்று அறிய வேண்டும். நீரைத் திறந்து மூட வேண்டும். மூடியைத் திருக வேண்டும். லேபிளை ஒட்ட வேண்டும்.

இந்த இயந்திரத்தில் மூன்று வகையான உறுப்புகள் உள்ளன. புட்டி வருவதைக் கண்டறியும் உணரிகள் கண்களைப் போன்றவை. மோட்டார்களும் அடைப்பிதழ்களும் கைகளைப் போன்றவை. எப்போது எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் கட்டுப்படுத்தி மூளையைப் போன்றது. கண் கண்டதை மூளைக்கும், மூளை நினைத்ததைக் கைக்கும் கொண்டு செல்ல நம் உடலில் நரம்புகள் உள்ளன. இயந்திரத்தில் அந்த வேலையைச் செய்வது வலையமைப்பு. அத்தகைய வலையமைப்புகளுள் இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது தொழிலக ஈதர்நெட். அது எப்படி உருவானது, எப்படி வேலை செய்கிறது, அதைத் 'திறந்த' தொழில்நுட்பம் என்று ஏன் அழைக்கிறார்கள் என்பவற்றை இப்பகுதியில் அறிந்துகொள்வோம்.

கம்பிக் காடு

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் தொழிற்சாலை இயந்திரங்களை ரிலே எனப்படும் மின்விசைக் கருவிகளே கட்டுப்படுத்தின. ஒரு பெரிய இயந்திரத்தின் அலமாரியைத் திறந்தால் நூற்றுக்கணக்கான ரிலேக்களும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் அடர்ந்த காடுபோல் தெரியும். இயந்திரம் செய்யும் வேலையைச் சற்று மாற்ற வேண்டுமானால், அந்தக் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டும்.

கார் தயாரிப்பாளர்களுக்கு இது பெருந்தலைவலியாக இருந்தது. கார்களின் வடிவம் மாறும்போதெல்லாம் இயந்திரங்களின் வேலையும் மாறியது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்குத் தீர்வு கேட்டது. டிக் மோர்லி என்னும் பொறியாளரும் அவருடைய குழுவினரும் 'மோடிக்கன் 084' என்ற கட்டுப்படுத்தியை உருவாக்கினர். அது அவர்களுடைய நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அப்பெயர் வந்தது. கம்பியை மாற்றாமல், நிரலை மட்டும் மாற்றி இயந்திரத்தின் வேலையை மாற்ற அது வழி செய்தது. இன்று நாம் பி.எல்.சி. என்று அழைக்கும் கட்டுப்படுத்திகளின் முன்னோடி அதுவே.

இருப்பினும், ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. மூளை மாறியதே தவிர நரம்புகள் மாறவில்லை. ஒவ்வோர் உணரியிலிருந்தும் ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் தனித்தனிக் கம்பிகள் கட்டுப்படுத்திக்கு வந்தன. நூறு கருவிகள் என்றால் நூறு தடங்கள். எங்கேனும் ஒரு கம்பி அறுந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

1980களில் பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் முறைகள் வந்தன. ஜெர்மனியில் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய புரோஃபிபஸ் திட்டம் அவற்றுள் ஒன்று. கம்பிகள் குறைந்தன, செலவும் குறைந்தது. ஆனால், இப்போது வேறொரு தொல்லை முளைத்தது. ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தனக்கென்று ஒரு 'மொழியை' வைத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்படுத்தி, இன்னொரு நிறுவனத்தின் மோட்டாருடன் பேச முடியவில்லை.

இதனால் யாருக்கு இழப்பு? இயந்திரத்தை வாங்கியவருக்குத்தான். முதல் கருவியை எந்த நிறுவனத்திடம் வாங்கினாரோ, அடுத்தடுத்த கருவிகளையும் அதே நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். அந்த நிறுவனம் விலையை ஏற்றினால் பேசாமல் கொடுக்க வேண்டும். அந்நிறுவனம் ஒரு பாகத்தின் தயாரிப்பை நிறுத்திவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரமும் ஒருநாள் நின்றுபோகும்.

எல்லாருக்கும் ஒரே பொதுத் தரநிலை வேண்டும் என்று நாடுகள் ஒன்றுகூடிப் பல ஆண்டுகள் பேசின. எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நிறுவனங்கள் கடுமையாக மோதிக்கொண்டன. இறுதியில் வெளிவந்த ஐ.இ.சி. 61158 என்ற பன்னாட்டுத் தரநிலையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத எட்டு முறைகள் இடம்பெற்றன. ஒரு பொது மொழியைத் தேடிப் புறப்பட்டவர்கள் எட்டு மொழிகளின் பட்டியலுடன் திரும்பி வந்தார்கள்.

தீவுகளிலிருந்து வந்த சிந்தனை

இதே காலத்தில், தொழிற்சாலைக்கு வெளியே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகளில், கணினிகளைக் கம்பியால் இணைப்பது எளிதன்று. எனவே, 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் வானொலி அலைகள் வழியாகக் கணினிகளைப் பேச வைத்தனர். அந்த வலையமைப்பின் பெயர் அலோகாநெட்.

அதைப் பற்றிப் படித்த ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞர், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஒரு குறிப்பை எழுதினார். ஒரே கம்பியில் பல கணினிகளை இணைக்கும் முறையை அது விளக்கியது. டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அம்முறைக்குச் செயல்வடிவம் கொடுத்தார். அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 29 இலட்சம் பிட்.

அதற்கு 'ஈதர்நெட்' என்று பெயரிட்டார். 19ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள், ஒளியைச் சுமந்து செல்லும் 'ஈதர்' என்னும் பொருள் அண்டமெங்கும் நிறைந்திருப்பதாக நம்பினர். அந்த நம்பிக்கை தவறென்று பின்னர் தெரிந்தது. ஆயினும், எங்கும் பரவி எல்லாருடைய செய்திகளையும் சுமக்கும் ஒரு கம்பிக்கு அப்பெயர் அழகாகப் பொருந்தியது.

ஈதர்நெட்டின் வெற்றிக்கு அதன் வேகம் மட்டும் காரணமன்று. செராக்ஸ் நிறுவனம் அதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. டிஜிட்டல், இண்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் இணைந்து 1980ஆம் ஆண்டில் அதன் விதிகளை வெளியிட்டன. 1983ஆம் ஆண்டில் அது ஐ.இ.இ.இ. 802.3 என்னும் தரநிலையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. விதிகள் எல்லாருக்கும் தெரிந்ததால் பல நிறுவனங்கள் ஈதர்நெட் கருவிகளைச் செய்தன. போட்டி பெருகியது, விலை சரிந்தது, தரம் உயர்ந்தது. நம் பள்ளிக் கணினிக்கூடத்தில் சுவரிலிருந்து கணினிக்குச் செல்லும் கம்பியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தக் கண்டுபிடிப்புக்காக மெட்காஃப் 2022ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றார்.

மலிவாகவும் வேகமாகவும் எங்கும் கிடைக்கும் இந்தக் கம்பியைத் தொழிற்சாலை இயந்திரங்களிலும் பயன்படுத்தினால் என்ன என்று பொறியாளர்கள் எண்ணினர். ஆனால், அதில் ஒரு தடை இருந்தது.

வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு

தொடக்க கால ஈதர்நெட் ஒரு வகுப்பறைக் கலந்துரையாடலைப் போன்றது. யாரும் பேசவில்லை என்றால் நாம் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் இருவரும் நிறுத்திவிட வேண்டும். பின்னர், ஆளுக்கொரு சிறு நேரம் காத்திருந்து மீண்டும் பேச வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது குலுக்கல் முறையில் அமையும்.

மின்னஞ்சல் அனுப்புவதற்கு இது போதும். ஒரு மின்னஞ்சல் அரை விநாடி தாமதமாக வந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. பின்னர் வந்த சுவிட்ச் எனப்படும் இணைப்புக் கருவிகள் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாதை தந்து இந்த மோதலை நீக்கிவிட்டன. ஆனாலும், பல செய்திகள் ஒரே இடத்திற்குச் செல்லும்போது சுவிட்சுக்குள் வரிசை உருவாகும். வரிசை நீளமானால் தாமதமும் நீளும்.

இயந்திரத்தில் இந்தத் தாமதம் என்ன செய்யும்? விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் நகர்பட்டையில் ஒரு புட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு மில்லிவிநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், ஒரு மில்லிமீட்டர் நகரும். 'புட்டி வந்துவிட்டது' என்ற செய்தி 20 மில்லிவிநாடி தாமதமாகச் சென்றால், அதற்குள் புட்டி இரண்டு செண்டிமீட்டர் தாண்டியிருக்கும். நீர் தரையில் கொட்டும்.

தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால்கூட அதைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். ஒருமுறை இரண்டு மில்லிவிநாடி, மறுமுறை இருபது மில்லிவிநாடி என்று மாறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? எனவே, இயந்திர வலையமைப்புக்கு வேகத்தைவிட இன்றியமையாதது நேர உறுதி. 'செய்தி விரைவாகப் போகும்' என்பது போதாது. 'செய்தி இந்த நேரத்திற்குள் கட்டாயம் போய்ச் சேரும்' என்பதே தேவை. பள்ளிப் பேருந்தும் இப்படித்தான். அது சில நாள்களில் மிக விரைவாக வருவதைவிட, நாள்தோறும் குறித்த நேரத்தில் வருவதே நமக்குப் பயன்தரும்.

நில்லாமல் செல்லும் இரயில்

ஈதர்நெட் கம்பியின் நன்மைகளை விட்டுவிடாமல் நேர உறுதியையும் பெறுவது எப்படி? இதற்குப் பல நாடுகளின் பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டனர். ஆஸ்திரியாவில் பவர்லிங்க் 2001ஆம் ஆண்டில் அறிமுகமானது. ஐரோப்பாவில் புரோஃபிநெட், அமெரிக்காவில் ஈதர்நெட்/ஐ.பி., ஜப்பானில் சி.சி.-லிங்க் ஐ.இ. ஆகியவை வளர்ந்தன. இவற்றுள் ஈதர்கேட் என்பதன் செயல்முறை புரிந்துகொள்ள எளியது; சுவையானதும்கூட. ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் அதை 2003ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது.

ஒரு கட்டுப்படுத்தியுடன் 50 கருவிகள் இணைந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் தரவு மட்டுமே அனுப்ப வேண்டும். வழக்கமான ஈதர்நெட் முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பொட்டலம் அனுப்பப்படும். ஆனால், ஈதர்நெட் விதிப்படி ஒரு பொட்டலத்தின் தரவுப் பகுதி குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும். நாற்பத்தாறு இருக்கைகள் கொண்ட பேருந்தில் நான்கு பேரை மட்டும் ஏற்றி அனுப்புவது போன்றது இது. முகவரி, பிழை சரிபார்ப்பு, பொட்டலங்களுக்கு இடையிலான இடைவெளி ஆகியவற்றையும் கூட்டினால் ஒரு பொட்டலம் 84 பைட் இடத்தைப் பிடிக்கிறது. விநாடிக்கு 10 கோடி பிட் செல்லும் கம்பியில் அதற்கு 6.72 மைக்ரோவிநாடி ஆகும். ஒரு மைக்ரோவிநாடி என்பது விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஐம்பது பொட்டலங்களுக்கு 336 மைக்ரோவிநாடி ஆகும். கருவிகள் அனுப்பும் பதில்களை இன்னும் நாம் கணக்கிடவில்லை.

ஈதர்கேட் முறையில் ஐம்பது பேருந்துகளுக்குப் பதிலாக ஒரே ஓர் இரயில் புறப்படுகிறது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இரயில் எந்த நிலையத்திலும் நிற்பதில்லை. அது கடந்து செல்லும்போதே, ஒவ்வொரு கருவியும் தனக்குரிய தரவை எடுத்துக்கொள்கிறது. தன் பதிலையும் அதே இடத்தில் வைத்துவிடுகிறது. கடைசிக் கருவியை அடைந்ததும் பொட்டலம் திரும்பிக் கட்டுப்படுத்தியிடம் வந்து சேர்கிறது.

இப்போது கணக்கிடுவோம். 50 கருவிகளுக்கு 4 பைட் வீதம் 200 பைட். மற்றவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 250 பைட். இதைக் கம்பியில் அனுப்ப 20 மைக்ரோவிநாடி போதும். ஒவ்வொரு கருவியையும் கடக்க ஒரு மைக்ரோவிநாடி ஆகும் என்று கொண்டாலும் மொத்தம் 70 மைக்ரோவிநாடியில் வேலை முடிந்துவிடும். முதல் முறைக்கு ஆகும் நேரத்தில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இதில் பதில்களும் அடங்கும்! கம்பி மாறவில்லை, அதன் வேகமும் மாறவில்லை. அதைப் பயன்படுத்தும் முறை மட்டுமே மாறியது.

இன்னொரு நன்மையும் உண்டு. கடைசிக் கருவியிலிருந்து ஒரு கம்பியைக் கட்டுப்படுத்திக்கு மீண்டும் இழுத்து வளையமாக்கிவிடலாம். அப்போது நடுவில் ஒரு கம்பி அறுந்தாலும் செய்தி மறுபக்கமாகச் சென்று எல்லாக் கருவிகளையும் அடையும். இயந்திரம் நிற்காது.

ஒரே கணத்தில் அசையும் கைகள்

செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேர்வது மட்டும் போதாது. சில இயந்திரங்களில் பல மோட்டார்கள் ஒரே கணத்தில் அசைய வேண்டும். நாளிதழ் அச்சிடும் இயந்திரத்தைப் பாருங்கள். ஒரு வண்ணப் படம் நான்கு மைகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படுகிறது. ஒரு நிறம் சற்று விலகினாலும் படம் மங்கிவிடும்.

முன்பெல்லாம் எல்லா உருளைகளையும் ஒரே நீண்ட சுழல்தண்டு பிணைத்திருந்தது. ஆகவே, அவை சேர்ந்தே சுழன்றன. இப்போது ஒவ்வோர் உருளைக்கும் தனி மோட்டார் உண்டு. அவற்றைப் பிணைப்பது இரும்புத் தண்டு அன்று, கடிகாரம்தான். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. வலையமைப்பு இந்தக் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஓயாமல் சரிசெய்கிறது. இதனால், அவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒரு மைக்ரோவிநாடிக்கும் குறைவாகவே இருக்கும். தாள் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓடினாலும், ஒரு மைக்ரோவிநாடியில் அது நகரும் தொலைவு 0.01 மில்லிமீட்டர்தான். அந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாது.

'திறந்த' என்றால் என்ன?

இத்தகைய தொழில்நுட்பங்களைத் 'திறந்தவை' என்று சொல்கிறோம். இதற்கு மூன்று பொருள்கள் உண்டு. முதலாவது, அதன் விதிகள் தரநிலையாக வெளியிடப்பட்டிருக்கும். இரண்டாவது, எந்த நிறுவனமும் அந்த விதிகளைப் பின்பற்றிக் கருவிகளைச் செய்யலாம். மூன்றாவது, விதிகளைப் பேணுவதற்குப் பல உறுப்பினர்களைக் கொண்ட ஓர் அமைப்பு இருக்கும்.

இதற்குப் பழைய எடுத்துக்காட்டு மோட்பஸ். 1979ஆம் ஆண்டில் மோடிக்கன் நிறுவனம் அதை உருவாக்கி, அதன் விதிகளை வெளிப்படையாக வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும், அது இன்னும் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஈதர்கேட் முறையைப் பேணும் குழு 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதில் உறுப்பினராகச் சேரக் கட்டணம் இல்லை. உலகெங்கிலும் 7,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அதில் உள்ளனர். பவர்லிங்க் முறையைச் செயல்படுத்தும் மூலநிரலையே இணையத்தில் யார் வேண்டுமானாலும் பெறலாம்.

திறந்தது என்பதும் இலவசம் என்பதும் ஒன்றல்ல. ஈதர்கேட் கருவிகளுக்குத் தனிச் சில்லு தேவை. அதை விலைக்கு வாங்க வேண்டும். அந்தச் சில்லைத் தயாரிக்க விரும்பும் நிறுவனம் உரிமம் பெற வேண்டும். ஒரு நிறுவனம் தன் கருவி விதிகளுக்கு உட்பட்டுச் செயல்படுகிறது என்பதைச் சோதனைகளின்வழி மெய்ப்பிக்கவும் வேண்டும். பொதுச் சாலை எல்லாருக்கும் உரியது. ஆனாலும், அதில் செல்ல வண்டியும் உரிமமும் தேவை அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

இயந்திரத் தயாரிப்பாளருக்கு இதனால் கிடைக்கும் பெரும்பயன், தேர்ந்தெடுக்கும் உரிமை. ஒரு நிறுவனத்திடம் மோட்டாரும் இன்னொரு நிறுவனத்திடம் உணரியும் வாங்கி இணைக்கலாம். ஒருவரிடம் பாகம் கிடைக்காவிட்டால் வேறொருவரை நாடலாம். சிறிய நிறுவனம்கூட, ஒரு நல்ல உணரியை மட்டும் செய்து உலகச் சந்தையில் நுழையலாம்.

ஒரே கம்பி, பல மொழிகள்

இத்துடன் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டதா? இல்லை. புரோஃபிநெட், ஈதர்நெட்/ஐ.பி., ஈதர்கேட், பவர்லிங்க் ஆகிய அனைத்தும் ஒரே வகைக் கம்பியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால், அவை பேசும் மொழிகள் வேறு. இரண்டு பேர் ஒரே தொலைபேசியில் பேசினாலும், ஒருவர் தமிழிலும் மற்றவர் ஜப்பானிய மொழியிலும் பேசினால் என்ன பயன்? கம்பி பொருந்தும், கருத்துப் புரியாது.

இதன் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை நம் நாட்டிலேயே காணலாம். 1972ஆம் ஆண்டில் பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. தொடக்கத்தில் அங்குள்ள தொழிற்சாலைகள், வெளிநாட்டு இயந்திரங்களைக் கொண்டு மின்னணுப் பொருள்களைப் பொருத்தின. இன்று, அங்குள்ள உள்நாட்டு நிறுவனங்களே சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களையும் தானியங்கிப் பொருத்து இயந்திரங்களையும் வடிவமைத்து ஏற்றுமதி செய்கின்றன.

அத்தகைய நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் ஒரு பொறியாளரை எண்ணிப் பாருங்கள். ஜெர்மானிய வாடிக்கையாளர், தம் தொழிற்சாலையில் எல்லாம் புரோஃபிநெட்டில் இயங்குவதால் புதிய இயந்திரமும் அதிலேயே பேச வேண்டும் என்கிறார். அமெரிக்க வாடிக்கையாளர் ஈதர்நெட்/ஐ.பி. கேட்கிறார். ஜப்பானிய வாடிக்கையாளர் சி.சி.-லிங்க் ஐ.இ. கேட்கிறார். இயந்திரம் ஒன்றுதான். ஆனால், மும்முறை நிரல் எழுத வேண்டும். மும்முறை சோதிக்க வேண்டும். மூன்று வகை உதிரிப்பாகங்களைச் சேமித்து வைக்க வேண்டும்.

இதற்குப் பொறியாளர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றனர். இயந்திரத்தின் உள்ளே தங்களுக்கு ஏற்ற ஒரு முறையை வைத்துக்கொண்டு, வெளியுலகுடன் பேச ஒரு மொழிபெயர்ப்புக் கருவியைப் பொருத்துவது முதல் வழி. பல மொழிகளையும் அறிந்த சில்லுகளைப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. அதில் மென்பொருளை மாற்றினால் மொழியும் மாறிவிடும்.

வேரிலேயே தீர்வு காணும் முயற்சியும் நடைபெறுகிறது. நேர உறுதியை ஈதர்நெட் தரநிலைகளின் ஒரு பகுதியாகவே ஆக்குவதற்கு, ஐ.இ.இ.இ. அமைப்பின் ஒரு குழு 2012ஆம் ஆண்டு முதல் டி.எஸ்.என். என்னும் பெயரில் உழைத்து வருகிறது. அவசர ஊர்திக்குச் சாலையில் தனித்தடம் ஒதுக்குவதைப் போல, அவசரச் செய்திகளுக்கு இது தனி நேரம் ஒதுக்குகிறது. மேலும், தரவுக்குப் பொருள் கூறும் பொது இலக்கணமாக ஓ.பி.சி. யு.ஏ. என்னும் தரநிலை வளர்ந்து வருகிறது. '70' என்ற எண் வந்தால், அது வெப்பநிலையா, வேகமா, எந்த அளவில் கூறப்படுகிறது என்பதையும் அது உடன் சொல்லிவிடும்.

திறந்த கதவுக்கும் பூட்டு வேண்டும்

திறந்த வலையமைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மோட்பஸ் உருவான காலத்தில், தொழிற்சாலைக் கம்பிகள் வெளியுலகுடன் இணைந்திருக்கவில்லை. எனவே, அதில் கடவுச்சொல் கேட்கும் வழக்கமே இல்லை. கட்டளை வந்தால் கருவி கீழ்ப்படியும். கட்டளையிட்டவர் யார் என்று கேட்காது. இன்று அதே மொழி ஈதர்நெட் கம்பியில் செல்கிறது. அந்தக் கம்பி அலுவலகத்துடனும், அதன்வழி இணையத்துடனும் இணைந்திருக்கக்கூடும்.

2010ஆம் ஆண்டில் ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் கண்டறியப்பட்டது. விரலி வழியாகவும் பரவிய அது, தொழிலகக் கட்டுப்படுத்திகளைக் குறிவைத்து, இயந்திரங்களின் சுழற்சி வேகத்தை மாற்றியது. ஆனால், பணியாளர்களின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டியது. கணினியில் தீநிரல் புகுந்தால் கோப்புகள் அழியலாம். இயந்திரத்தில் புகுந்தால் பொருள்கள் சேதமடையும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து நேரும்.

அதற்காக விதிகளை மறைத்து வைக்க வேண்டும் என்பது பொருளன்று. மறைத்து வைத்த விதிகளையும் ஒருநாள் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். விதிகள் வெளிப்படையாக இருந்தால் அவற்றின் ஓட்டைகளைப் பலரும் கண்டு அடைக்கலாம். தொழிற்சாலை வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரிப்பது, யார் எந்தக் கருவிக்குக் கட்டளையிடலாம் என்று வரையறுப்பது, தெரியாத விரலிகளைப் பொருத்தாமல் இருப்பது போன்ற நடவடிக்கைகளே உண்மையான பூட்டுகள். இவற்றை வழிகாட்ட ஐ.இ.சி. 62443 என்னும் தரநிலைத் தொகுதியும் உண்டு.

ஊர் கூடித் தேர் இழுத்தால்

ரிலேக்களின் கம்பிக் காட்டிலிருந்து, நில்லாமல் ஓடும் இரயில் போன்ற பொட்டலம் வரை நாம் வந்துவிட்டோம். இந்தப் பயணத்தில் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஈதர்நெட் வென்றது, அதை உருவாக்கியவர்கள் பிறருடன் பகிர்ந்துகொண்டதால். மோட்பஸ் நிலைத்தது, அதன் விதிகள் வெளியிடப்பட்டதால். அவரவர் மொழியே சிறந்தது என்று நிறுவனங்கள் முரண்பட்ட இடங்களில், அதன் சுமையை இயந்திரம் செய்பவரும் வாங்குபவரும் சுமந்தனர்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேரை இழுக்கும் வடம் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. எல்லாரும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் இழுக்கவும் வேண்டும். தொழிலக வலையமைப்புக்கும் இது பொருந்தும். பொதுவான கம்பி கிடைத்துவிட்டது. பொதுவான நேரமும் பொதுவான இலக்கணமும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பணி இன்னும் முடியவில்லை. அதை முடிக்கப்போகும் பொறியாளர்களுள் சிலர் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கலாம்.

அடுத்த முறை குடிநீர்ப் புட்டியைத் திறக்கும்போது, அதன் லேபிளைச் சற்று உற்றுப் பாருங்கள். அது கோணாமல் ஒட்டியிருப்பதற்குப் பின்னால், கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரம் செய்திகள் நேரம் தவறாமல் ஓடியிருக்கின்றன.